நானூற்றுப் பன்னிரண்டு கன்றுகள்

வனத்துறை அலுவலகத்தில் அவளுக்கு ‘டேப் அக்கா’ என்றே பெயர். பதினேழு வருடமாக மரங்களுக்குச் சுற்றளவு எடுக்கிறாள். “ஊர்ல இருக்குற மரத்தோட இடுப்பெல்லாம் தெரியும், என் சட்டை அளவு தெரியாது” என்பான் புருஷன். தேய்ந்த முட்டிதான் மிச்சம்.

அவள் பொறுப்பிலிருந்த மலைச்சரிவில் ஒன்பது கருங்காலி மரங்கள் நின்றன. ஒவ்வொன்றும் கிழம். அவற்றின் காலடியில் முழங்கால் உயரம்கூட இல்லாத கன்றுகள் நானூற்றுப் பன்னிரண்டு. நடுவில் ஒன்றுமில்லை, கைத்தடி கனத்தில்கூட ஒரு மரம் கிடையாது. வருடா வருடம் கன்றுகளுக்குச் சிவப்பு நூல் கட்டிவிட்டு வருவாள். மறுவருடம் போனால் நூல் மண்ணில் கிடக்கும், கன்று இருக்காது. பக்கத்தில் புதிதாக முளைத்தவை நிற்கும்.

படிவத்தில் நூலுக்குக் கட்டம் இல்லை. ‘மொத்தம்’ என்ற கட்டம்தான் உண்டு.

“பெரிய மரம் ஒன்பதையும் சேர்த்து நானூத்தி இருபத்தொண்ணு! செழிப்பாத்தான் இருக்கு,” என்றார் அதிகாரி, கணினியிலிருந்து கண்ணெடுக்காமல். “நானூறைத் தாண்டினா பெரிய மரத்தை வெட்ட அனுமதி. கையெழுத்தைப் போடுங்கம்மா, மதியத்துக்குள்ள அனுப்பணும்.”

“சார், ஒரு ஊர்ல ஒன்பது கிழவங்களும் நானூறு கைக்குழந்தைங்களும் மட்டும் இருந்தா, நல்லா இருக்குற ஊருன்னு சொல்வீங்களா?”

“கதை வேண்டாம். எண்ணினது நீங்கதானே?”

“எண்ணினேன். அந்தக் கன்றுல ஒண்ணுகூட அடுத்த வருஷத்தைப் பார்க்காது. அஞ்சு வருஷமா கத்துறேன். செவுத்துகிட்ட கத்தியிருந்தாலும் எதிரொலியாவது வந்திருக்கும்.”

அவர் பேனாவை நீட்டினார். வாங்கியவள் எழுதவில்லை.

“மொத்தத்துல சேர்க்கணும்னா கன்றுக்கு எத்தனை மாச வயசு ஆகியிருக்கணும் சார்?”

அவர் வழிகாட்டிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வயது எங்கேயும் இல்லை.

“மேலிடத்துல கேட்டு எழுதி வாங்குங்க. அப்புறம் போடுறேன்.”

“பதில் வர ஆறு மாசமாகும்!”

“ஆகட்டும்.”

“அதுவரைக்கும் வெட்டு கிடையாது. சரி. உங்களுக்கும் காடு கிடையாது. கோப்பு முடியுற வரை தபால் மேஜை வேலைதான்,” என்றார் அதிகாரி.

மூலையிலிருந்த தபால் மேஜையின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“இதோட காலை எப்ப சரி பண்ணுவீங்க சார்? அதுக்கும் மேலிடத்துக்கு எழுதணுமா?”