நாற்பத்தைந்து பாகை திருப்பியபோது

சாய்ந்தமருதில் படகு எஞ்சின் திருத்தும் பஸாலின் மூத்த மகள் றுஸ்தா. கலாநிதிப் பட்டத்துக்காக ஜெர்மனியில் ஐந்து வருடமாக ஒரே பொருளைத்தான் ஆராய்ந்தாள்: இரும்பு சேர்ந்த ஒரு பளிங்கு, அதாவது படிகம். கடுமையாகக் குளிர்ந்தால் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். ஆனால் அந்தக் குளிர் வருமுன்பே, மின்சாரத்தைச் சுமக்கும் இலத்திரன்கள் ஒரு வேலை செய்கின்றன. நெடுக்கும் குறுக்கும் ஒரே மாதிரி இருக்கிற பளிங்குக்குள், அவையெல்லாம் சேர்ந்து ஏதோ ஒரு திசையை விரும்பத் தொடங்குகின்றன. பளிங்கின்மேல் லேசர் பாய்ச்சி, சிதறி வந்த ஒளியில் றுஸ்தா அந்த விருப்பத்தின் அடையாளத்தைக் கண்டாள். குளிரக் குளிர அந்தச் சிக்னல் வளர்ந்தது.

தங்கை ஷாஹினாவின் கல்யாணத்துக்கு ஊர் வந்திருந்த வாரம் ஆய்விதழுக்கு அவள் அனுப்பிய கட்டுரையைப் பரிசீலித்தவரின் கடிதம் வந்தது. மேற்பரப்பு அழுக்கில் பட்டுச் சிதறிய ஒளியைத்தான் அவள் பார்த்திருக்கக்கூடும் என்று எழுதியிருந்தார். பத்து நாளில் பதில் வேண்டுமாம்.

ஜெர்மனியில் அவளுடைய ஆய்வுகூடத்திலேயே படிக்கும் காரைதீவு யதுசாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"பளிங்க நாற்பத்தஞ்சு பாகை திருப்பி வச்சி அளந்து பாரு. அழுக்கெண்டா சிக்னல் அப்படியே இரிக்கும். திசையெண்டா இல்லாமப் போகணும்."

"போகாட்டி?"

"அஞ்சு வருஷமும் வீண்."

மறுநாள் பின்னேரம் வீடு நிறையப் பெண்கள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். றுஸ்தா அறைக்குள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இருந்தாள். யதுசா அனுப்பிய அளவீட்டுக் கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. முன்பு சிக்னலின் மேடு எழும்பிய இடத்தில் இப்போது எதுவுமே எழும்பவில்லை.

"காணல்லடி! ஒண்டுமே காணல்ல!" தொலைபேசியில் யதுசா கத்தினாள்.

றுஸ்தா கடைசிக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "பழைய பக்கத்துக்கே திருப்பு. திரும்பி வந்தாத்தான் நம்பலாம்."

இரண்டு மணித்தியாலம் கழித்து மேடு மறுபடி எழும்பியது, முன்பிருந்த அதே உயரத்துக்கு.

"அல்ஹம்துலில்லாஹ்!"

சத்தம் கேட்டு உம்மா மாவு படிந்த கையோடு ஓடி வந்தார். "என்ன மகள், ஆருக்கு என்ன?"

"ஒண்டுமில்ல உம்மா, நான் சரியாத்தான் பார்த்திரிக்கன்!" என்று றுஸ்தா அவரைக் கட்டிப்பிடித்தாள்.

ஷாஹினாவுக்கு மருதோன்றி இட்ட அன்று பதிலை அனுப்பினாள். மூன்று வாரத்தில், அவள் ஜெர்மனிக்குத் திரும்புமுன்பே, கட்டுரை ஏற்கப்பட்டது. கடற்கரையில் கண்டவர்களிடமெல்லாம் பஸால், "எங்கட மகள் இரும்புக்குத் திசை கண்டுபிடிச்சிட்டா" என்றார்.

"இரும்புக்கில்ல வாப்பா, அதுக்குள்ள ஓடுற இலத்திரனுக்கு" என்று பக்கத்தில் நின்ற றுஸ்தா திருத்தினாள்.

"ஓம் ஓம், அதத்தானே நானும் சொல்றன்" என்றபடி அடுத்த ஆளிடம் போனார்.