பன்னிரண்டு மாதம் பார்த்த நிலம்

கோட்டைப்பட்டினம் பவுசியா நிலம் பார்க்கப் போனது கணவருக்காக. யாக்கூப் இருபத்திரண்டு வருடமாகக் கத்தாரில் ஏசி மெக்கானிக். ஊர் திரும்பியதும் கரண்ட் கம்பியும் குழாயும் எட்டாத இடத்தில் சோலார் போட்டு, கிணற்றுத் தண்ணீரில் காய்கறி வைத்து, நாலு ஆட்டோடு இருவரும் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பவுசியாவுக்கு இருவரும் ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

ஐப்பசியில் பார்த்தால் எல்லாக் கிணறும் நிறைந்துதான் தெரியும், ஒரு வருடம் பார்த்துவிட்டு வாங்குவோம் என்று யாக்கூப் போனில் சொல்லிவிட்டார். ஆவுடையார்கோவில் பக்கம் உடையப்பன் விலைக்குச் சொன்ன ஒன்றரை ஏக்கருக்கு பவுசியா மாதம் ஒரு தடவை போனார். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு கிலோமீட்டர் கண்மாய்க்கரையில் நடை. கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுக் கிணற்றை அளந்தார். பக்கத்தில் யாராவது நிலத்தடி நீரை உறிஞ்சும் தைலமரம் வைத்திருக்கிறார்களா, சித்திரையில் தண்ணீர் கரிக்கிறதா, எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார்.

"பொண்ணு குடுக்கக்கூட நான் இம்புட்டு விசாரிக்கலம்மா," என்று சிரிப்பார் உடையப்பன்.

ஒன்பதாவது தடவை போய் வந்தபோது பவுசியாவுக்குக் கால் வீங்கியது. நடையால் என்று நினைத்தார். அதை எழுதவில்லை.

வருடம் முடிந்தது. வாங்கிவிடலாம் என்று யாக்கூப் வேலையை விட்டு வந்தார். வந்த வாரமே, பவுசியாவின் இரண்டு கிட்னியும் போய்விட்டதாக டாக்டர் சொன்னார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மழை பெய்தால் அந்தக் கரையில் ஆட்டோ போகாது.

நிலம் வேண்டாம் என்று சொல்ல இருவரும் ஆட்டோவில் போனார்கள். ஏன் என்று உடையப்பன் கேட்டார். மனைவியின் நோயைச் சொல்ல யாக்கூப்புக்கு வாய் வரவில்லை. தண்ணீர் சரியில்லை என்றார். உடையப்பனின் முகம் சுருங்கிவிட்டது.

"தண்ணி மேல பழி போடாதீங்க மச்சான்," என்றார் பவுசியா. "நெலம் தேறிருச்சு. நாந்தான் தேறல."

பிறகு அவரே உடையப்பனிடம் நோயைச் சொன்னார்.

உடையப்பன் கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி இறைத்து, செம்பில் ஊற்றி நீட்டினார். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. பவுசியா ஒரு மடக்கு குடித்துவிட்டுச் செம்பைக் கணவரிடம் கொடுத்தார். யாக்கூப் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"குடிங்க மச்சான். ஆட்டோ நிக்கிது."