கூடையில் வடிந்த கசப்பு

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் அரிசியைவிட உப்புக்குத்தான் நான் அதிகம் அழுதேன். மலேரியா விட்டும் எழ முடியாமல் கிடந்த என் வீட்டுக்காரருக்கு உப்பில்லாத மரவள்ளிக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு வாய் குடிப்பார். குறையாக ஒரு வார்த்தை சொல்லாமல் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். எலும்பும் தோலுமாகிவிட்டார். இப்படியே விட்டால் இந்த மனுஷன் எனக்கு இல்லாமல் போய்விடுவார் என்று பயந்தேன்.

தெங்கேராக் கடற்கரைக்கு நானே போய், மண்ணெண்ணெய்த் தகரத்தில் கடல்நீர் மொண்டுவந்து ரப்பர் விறகில் காய்ச்சினேன். எதையும் வீணாக்க மனம் வராத காலம். அடி வறளும்வரை காய்ச்சிச் சுரண்டி எடுத்தேன். அந்த உப்பைப் போட்ட கஞ்சியை அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"அமிர்தம் லா," என்றார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கொல்லைக்கு நடந்தபோதுதான் சந்தேகம் வந்தது. சட்டியை வழித்து நாக்கில் வைத்தேன். வேப்பங்காய்க் கசப்பு! என் மனம் நோகக்கூடாதென்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார், படுபாவி. வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

மீதி உப்பு காயாமல் நசநசவென்றே இருந்தது. மூங்கில் கூடையில் போட்டுத் தொங்கவிட்டேன். மறுநாள் கூடைக்கு அடியில் பிசுபிசுப்பாகக் கொஞ்சம் நீர் சொட்டியிருந்தது. தொட்டு நக்கினால் குமட்டியது. மேலே இருந்த உப்பிலோ கசப்பு குறைந்திருந்தது. உப்புதான் முதலில் மணியாகிறது, கசப்பு கடைசிவரை தண்ணீரோடு நிற்கிறது என்று அப்போது புரிந்தது. நான்தான் அடிவரை வற்றவைத்து இரண்டையும் ஒன்றாக்கியிருந்தேன்.

அடுத்த முறை தீயைக் குறைத்தேன். மணிகள் பெரிதாக விழுந்தன. விழ விழ அகப்பையால் அள்ளிக் கூடையில் வடியவிட்டேன். அடியில் கொஞ்சம் நீர் நின்றபோதே தகரத்தை இறக்கிவிட்டேன். அந்தக் கசப்பு நீரைக்கூடச் சாக்கடையில் கொட்டக் கை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டினேன்.

புதுக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் வாயை இனி நம்புவதாக இல்லை, முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு வாய் குடித்தவர் நிமிர்ந்தார்.

"உப்பு கொஞ்சம் பத்தலயே, புள்ள."

கல்யாணமாகி அவர் என் சமையலில் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடையிலிருந்து ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு ஓடினேன்.