அத்தானின் வள்ளத்தில் இரண்டாவது ஆள்

துறைமுகத்தில் நின்று கப்பல் சரக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான், என் அத்தான் தனியாகப் பாய் விரித்துப் போவதை நான் பக்கத்தில் பார்த்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. நான் அங்கே குமாஸ்தா. அத்தான் என்றால் அக்காவின் கணவர், திரேஸ்புரத்து மீனவர். மற்றவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து போகிற கடலுக்கு, ஒட்டுப்போட்ட பாயோடு ஒரு சின்ன வள்ளத்தில், தூண்டில் போட ஒற்றை ஆளாகப் போவார். அன்று வள்ளம் நான் நின்ற இடத்தைத் தாண்டும்போது அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. மாதா கோயில் பாட்டு. கரையில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத மனிதர், கடலில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போனார். சுருதி என்று ஒன்று இருப்பதே அந்தப் பாட்டுக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

தனியாகப் போவதில் அப்படி என்ன சுகம் என்று கேட்டால் அவரிடமிருந்து பதில் வராது. நானாகப் பிற்பாடு புரிந்துகொண்டதுதான். பசித்தால் சாப்பிடலாம், இல்லாவிட்டால் வேண்டாம். மீன் படவில்லையென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் போகலாமா, திரும்பலாமா என்று வாக்குவாதம் கிடையாது. ஆபத்தும் அவருக்குத் தெரியாததல்ல. ஆனி ஆடியில் வீசும் கச்சான், கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற மேல்காற்று. ஆள் தவறி விழுந்தால், அவன் நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் வள்ளத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் தனியாகப் போகிற நாட்களில் இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றி, மறுமுனையை வள்ளத்தில் முடிந்துகொள்வார். அவருக்கு அந்த ஏற்பாடு போதும். அக்காவுக்குப் போதவில்லை.

அப்போது அக்காவுக்கு இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. எங்கள் கரையில் முத்துக்குளிப்புக் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. கடலுக்கடியில் முங்குகிறவன் கயிற்றை அசைத்ததும், மேலே வள்ளத்தில் நிற்கிறவன் அவனை இழுத்துத் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் பெரும்பாலும் முங்குகிறவனுடைய மனைவியின் உடன்பிறந்தவனாகவே இருப்பான். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்பதுதான் காரணம். அப்பா முத்துக்குளிக்கிற நாட்களில் அவருக்குக் கயிறு பிடித்தவர் எங்கள் தாய்மாமா. அக்கா அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா முங்கும்போது கயிறு யாரு கையிலலே இருந்துச்சு? மாமா கையிலதான? நீ ஆபீசுல பேனாவ மட்டும் பிடிச்சிட்டு இருப்பியோ? செவ்வாக்கிழம உனக்கு லீவுதான, அவுககூடப் போ.”

எனக்குக் கடல் என்றாலே குமட்டும். முத்துக்குளித்தவரின் மகன் இப்படி என்றால் ஊர் சிரிக்கும். வேறு வழியில்லாமல் செவ்வாய்தோறும் போனேன். அத்தானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏற்றினார். முதல் நாளே குடிதண்ணீர் இல்லாமல் கிளம்பிவிட்டோம். தனியாகப் போன காலத்தில் ஒருநாளும் தண்ணீரை மறக்காதவர், நான் ஏற்றியிருப்பேன் என்று நினைத்தார். நான் அவர் ஏற்றியிருப்பார் என்று நினைத்தேன். வழியில் வந்த மோட்டார் லாஞ்சுக்காரர்களிடம் கையேந்தி வாங்கிக் குடித்தோம். “ஒத்தையில வந்திருந்தா இப்படிக் கையேந்த வேண்டியிருக்காது” என்றார் அத்தான்.

ஆனாலும் போகப் போக நான் இருப்பது அவருக்குப் பிடித்துவிட்டது. கனத்த மீனைத் தூக்க இன்னும் இரண்டு கை. காற்றில் அவர் பீடி பற்றவைக்க மறைப்பாக என் உடம்பு. இதற்கெல்லாம் மேலே, என் ஆபீஸ் கதைகள். எங்கள் அதிகாரி ஒருவர் பேசும்போதெல்லாம் இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் கொடுப்பதுபோல் ஆட்டுவார். அவரைப்போல் நான் நடித்துக் காட்டினால் அத்தான் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். என் முன்னால் பாடக் கூச்சப்பட்டுப் பாட்டை மட்டும் நிறுத்திவிட்டார். இடுப்புக் கயிற்றையும் கட்டுவதில்லை. கேட்டதற்கு, “அதான் நீ இருக்கியேலே” என்றார். அந்த வார்த்தையில் நான் எவ்வளவு குளிர்ந்துபோனேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முயல்தீவுக்கு வெளியே தூண்டில் போட்டுவிட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தோம். பாய்மரத்தில் ஏதோ சிக்கிக்கொண்டது. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை என் கையில் கொடுத்து, “விட்டுராத மாப்ள” என்று சொல்லிவிட்டு அத்தான் எழுந்து முன்னால் போனார். நான் அதிகாரியின் கதையில் பாதியில் இருந்தேன். வாய் சும்மா இருந்ததா? கதையின் உச்சம் வந்ததும், அவரைப்போலவே இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.

கயிறு பறந்தது. பாய் படபடவென்று திரும்பி அத்தானின் தோளில் அறைந்தது. அவர் கடலில் விழுந்ததைப் பார்த்த பதற்றத்தில் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம், கயிற்றைத் தாவிப் பிடித்து இழுத்துக் கட்டியது. விட்டது தப்பென்றால் பிடிப்பது சரியாகத்தானே இருக்கும் என்று அந்த நேரத்துப் புத்தி சொன்னது. பாயில் காற்று நிரம்பி வள்ளம் கிழக்கே ஓட்டமெடுத்தது. திரும்பிப் பார்த்தபோது அத்தானின் தலை ஒரு தேங்காய் அளவுக்குத் தெரிந்தது. “அத்தான், என்ன செய்ய?” என்று கத்தினேன். பாய் அடிக்கிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. துணைக்கென்று வந்தவன் தனி ஆளாகியிருந்தேன். அக்காவின் வயிறு கண்முன் வந்தது.

இரை வெட்டும் கத்தியால், பாயை மரத்தில் தூக்கிக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தேன். பாய் என் மேலேயே விழுந்தது. அப்போதும் வள்ளம் நகர்ந்துகொண்டேதான் இருந்தது. துடுப்பெடுத்து வலித்துப் பார்த்தேன். அந்தக் காற்றுக்கு எதிரே ஒற்றை ஆள் வலித்து ஒரு முழமும் போக முடியவில்லை. என்னால் அவரிடம் போக முடியாது என்று தெரிந்த பிறகுதான், அவர் என்னிடம் வரலாமே என்று தோன்றியது. காற்றும் அலையும் அவரை என் பக்கம்தானே தள்ளுகின்றன? வள்ளம் நின்றால் போதும். நங்கூரத்தைத் தூக்கிப் போட்டேன். அந்த இடத்தில் ஆழம் குறைவு. கயிறு ஓடி, இழுபட்டு, வள்ளம் திமிறி நின்றது. சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. தெரிந்த செபங்களெல்லாம் தீர்ந்துபோய்த் திரும்ப ஆரம்பித்திருந்தேன்.

அத்தான் வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். மூச்சு வாங்கிய பிறகு, “பொறவு ஆபீசர் என்ன சொன்னாருலே?” என்றார். நான் உடைந்து அழுதேன். “அக்காட்ட சொல்லிராதீக அத்தான்” என்று அந்த நிலையிலும் கேட்டேன். அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், அவர் கால் வழுக்கிக் கடலில் விழுந்ததாக நான்தான் அக்காவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அடுத்த செவ்வாய் என்னைக் கூப்பிட மாட்டார் என்று நினைத்தேன், கூப்பிட்டார். நான் இருந்தபோதும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கூசிப்போவேன். அக்கா அழுவாளே என்றுதான் இன்னும் என்னைச் சுமக்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். ஆனாலும் பதினோரு வருஷம் அவருடன் போனேன். மற்ற நாட்களில் அவர் தனியாகப் போய்ப் பாடிக்கொண்டார். கடைசிக் காலத்தில் நான் இருக்கும்போதே பாடினார். அதையும் தாங்கினேன்.

போன வருஷம், எண்பதைத் தாண்டி, மில்லர்புரத்தில் மகன் வீட்டுக் கட்டிலில் நிம்மதியாகக் கண்ணை மூடினார் அத்தான். அவருடைய முதல் வருஷ நினைவுப் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று கயிற்றை விட்டது நான்தான் என்று சொன்னேன். அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

“எனக்குத் தெரியுமேலே. அன்னைக்கு ஈரத்துணிய மாத்தும்போதே சொல்லிட்டாக. எனக்கு வந்த ஆத்திரத்துல, ‘இனி அவன் வேண்டாம், வேற ஆளக் கூட்டிட்டுப் போங்க’ன்னேன். அதுக்கு அவுக, ‘வேற எவனையும் நம்பி நான் போமாட்டேன். இவன் இனிச் செத்தாலும் கயித்த விடமாட்டான், இவனே வரட்டும்’னாக. சரியாத்தான சொல்லியிருக்காக?”