பார்க்கிங்கில் புதைந்த காடு

பார்க்கிங் என்ற ஊரில், ஆற்றோரம் கட்டடத்துக்காகத் தோண்டிய குழிக்குள் நிற்கிறேன். என்னை இங்கே அழைத்து வந்த மண் ஆய்வாளர் சுகந்தி, கறுத்த சேற்றிலிருந்து ஓர் அடிமரத்தை அவசரமாகத் தோண்டுகிறார். மேலே கான்கிரீட் லாரி உறுமுகிறது. காலடியில் தண்ணீர் ஊறுகிறது.

"இந்த மரம் எப்படி விழுந்துச்சு?"

"விழேல்லை அண்ணை, நிண்டபடியே செத்தது. பனியுகம் முடிஞ்சு பனிப்பாறையள் உருக, கடல் ஏறீட்டுது. ஆத்துத்தண்ணி போக வழியில்லாமல் காட்டுக்குள்ள தேங்கி, எல்லாம் சதுப்பாப் போச்சு."

நானும் மண்டியிட்டு இழுக்கிறேன். வேர் அசையவில்லை. எங்களை ஏறி வரச்சொல்லி மேலே விசில் ஊதுகிறார்கள். சுகந்தி கைரம்பத்தால் ஒரு துண்டை மட்டும் அறுத்தெடுக்கிறார். உள்ளே மரம் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

"இது போதுமா?"

"என்ன மரமெண்டு பார்க்கலாம். முழுசா எடுக்க ஏலாமல் போச்சே!"

நாங்கள் மேலேறியதும் கான்கிரீட் கொட்டுகிறது. அடிமரம் முழுதாக மறையும்வரை சுகந்தி விளிம்பைவிட்டு நகர மறுக்கிறார்.