இருநூற்றுப் பதினேழாம் அட்டை

இது கட்டிவிட்ட கதை இல்லை. எனக்கு நடந்தது. ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில். 1989 ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில். அது ரமலான் மாதம், நான் நோன்பு வைத்திருந்தேன். “வெறும் வயித்துல வெயில் ஏறியிருக்கும் அன்வரு” என்று என்னைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. செய்யட்டும். வெயில் ஏறினால் தலை சுற்றும். எனக்குத் தெரியாத ஒரு நம்பரை வெயில் வந்து சொல்லுமா?

அப்போது நான் பாலக்கோடு பக்கம் ஒரு டி.பி. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். தர்ம ஸ்தாபனம் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் 412 நோயாளிகளின் பெயர். மாதம் பிறந்தால் நான் லிஸ்ட் எடுத்துக் கொடுப்பேன். அந்த லிஸ்டைப் பார்த்துத்தான் ஸ்டோரில் மாத்திரைப் பொட்டலம் கட்டுவார்கள். ராஜப்பன் என்கிற ஊழியர் சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுப்பார். லிஸ்டில் பெயர் இருந்தால் மருந்து. இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஏப்ரலில் தலைமை ஆபீசிலிருந்து புது சிஸ்டம் வந்தது. கம்ப்யூட்டரை உள்ளே இருந்து நடத்துகிற அடிப்படை புரோகிராம் அது. அதை மாற்ற வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற அத்தனையையும் துடைத்து அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். முதலில் பெயர்களை எல்லாம் ஃப்ளாப்பியில் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அழித்த பிறகு ஃப்ளாப்பியில் இருப்பதுதான் மிச்சம்.

எப்போது மாற்றுவது? அதுதான் கேள்வி. எங்கள் பக்கம் கிணற்று மோட்டாருக்கு ஒரு வாரம் பகலில் கரண்ட், ஒரு வாரம் ராத்திரியில் கரண்ட். முறை வந்ததும் சுற்றிலும் உள்ள கிணறுகளில் எல்லாம் ஒரே நேரத்தில் மோட்டார் ஓடும். எங்கள் லைட் மஞ்சளாகி அழும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் கை வைத்தால் போச்சு.

ஜனவரியில் மெஷினைப் பழுது பார்த்தபோது அப்படித்தான் வைத்தோம். சேலத்திலிருந்து வந்த இன்ஜினியருக்கு ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். “சீக்கிரம், சீக்கிரம்” என்றார். பெயர்களைத் திரும்ப ஏற்றும்போது லைட் மங்கியது. மெஷின் ஒரு தடவை அணைந்து வந்தது. மறுபடி ஏற்றினோம். முதல் பக்கம் பார்த்தேன், பெயர் இருந்தது. கடைசிப் பக்கம் பார்த்தேன், பெயர் இருந்தது. “சரிங்க சார்” என்றேன். அவர் பஸ் ஏறிவிட்டார்.

இந்தத் தடவை உஷாராக இருந்தேன். மோட்டார் முறை ராத்திரிக்குப் போகிற வாரமாகப் பார்த்தேன். கூட்டம் இல்லாத ஞாயிறாகப் பார்த்தேன். எல்லாம் பார்த்தேன்.

1.50. வாட்ச்மேன் மாரப்பன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். “கேட்டைப் பூட்டிகிட்டு சாப்புடப் போறேனுங்க சார். நாலு மணிக்கெல்லாம் வந்துருவேன்.” பூட்டும் சத்தம் கேட்டது.

2.05. நான்கு ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து முடித்தேன். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி ஒட்டினேன்.

2.20. புது சிஸ்டம் ஃப்ளாப்பியைப் போட்டேன். திரையில் கேள்வி வந்தது. எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா? ஆமாம் என்றால் ‘ஒய்’ தட்ட வேண்டும். விரலைக் கொண்டு போனேன்.

கொள்... கொள்...

வெளியே இருமல்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே இரும்பு பெஞ்ச். அதற்கு நிழல் கிடையாது. சித்திரை வெயிலில் அந்த நேரத்தில் அதில் ஈ உட்கார்ந்தாலும் பொரிந்துவிடும். ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். நீலப் புடவை. கையில் எங்கள் ஆஸ்பத்திரி மஞ்சள் அட்டை. மாரப்பன் கேட்டைச் சரியாகப் பூட்டவில்லை போலிருக்கிறது என்று எரிச்சலாக வந்தது.

“இன்னிக்கு லீவும்மா. நாளைக்கு வா.”

“எம் பேரு இருக்குதுங்களா சார்?”

“இருக்கும், இருக்கும். நாளைக்கு வா.”

“பாத்து சொல்லுங்க சார்.”

திரும்பி விரலை வைத்தேன்.

கொள்... கொள்...

விரலை எடுத்தேன். இருமல் நின்றது. மறுபடி வைத்தேன்.

கொள்... கொள்... கொள்...

மூன்று தடவை அப்படி. நான் தட்டப் போகும்போது மட்டும் இருமல். தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மூன்றாவது இருமல் பெஞ்சிலிருந்து வரவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வந்தது. நிமிர்ந்தேன். அங்கே நின்றிருந்தாள். நடந்து வந்த சத்தமே இல்லை.

2.31. “நம்பரச் சொல்லித் தொலை” என்று கத்திவிட்டேன்.

அட்டையைக் கம்பிக்கு நடுவில் நீட்டினாள். கையில் வாங்காமல் அப்படியே படித்தேன். 217. செல்லி. அட்டையின் ஓரத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. ஈர மண். மழை பெய்து இரண்டு மாதம் இருக்கும்.

அவளை அனுப்பினால் போதும் என்று இருந்தது. லிஸ்டைத் திறக்கப் புது சிஸ்டத்தை எடுக்க வேண்டும்; கையருகே இருந்த காப்பியில் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். 201 முதல் 300 வரை மூன்றாம் ஃப்ளாப்பி. போட்டேன்.

கர்ர்... கர்ர்... கர்ர்...

படிக்க முடியவில்லை என்றது திரை.

எடுத்து ஊதிவிட்டுப் போட்டேன். படிக்கவில்லை. மறுபடி. படிக்கவில்லை.

2.41. ‘ஒய்’ தட்டியிருந்தால்... நூறு பேர். நூறு பேருக்கு மருந்து நின்றிருக்கும். யா அல்லாஹ்!

வேண்டாம் என்று தட்டினேன். புது சிஸ்டத்தை வெளியே எடுத்தேன். பழையபடி மெஷினைப் போட்டு, உள்ளே இருந்த லிஸ்டைத் திறந்தேன்.

215...

216...

218.

திரும்பவும் பார்த்தேன். 216. 218.

“பேரு இல்லம்மா” என்று வாய் தானாகச் சொன்னது. இதே வார்த்தையை எப்போதோ சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. திரும்பினேன்.

யாரும் இல்லை.

2.52.

வெளியே ஓடினேன். பெஞ்சில் கை வைத்தேன்.

ஜில்லென்று இருந்தது.

கேட்டுக்குப் போனேன்.

பூட்டு தொங்கியது... வெளிப்பக்கம்.

உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டேன். என்ன செய்வது என்று தெரியாமல் பீரோவைத் திறந்து, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் அட்டை நகல்களை எடுத்தேன். ஒன்று முதல் 412 வரை, ஒவ்வொன்றாகத் திரையோடு ஒத்துப் பார்த்தேன். நடுவில் நான்கு பெயர் இல்லை. 88, 151, 217, 340. ஜனவரியில் விடுபட்டவை. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பார்த்தவனுக்கு நடுப்பக்கம் எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை காலை ராஜப்பனிடம் நான்கு பெயரையும் நீட்டினேன். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“செல்லியா? மாரண்டஹள்ளி தாண்டி கொட்டாய்ல இருந்தா. பேரு வரலியேன்னு ரெண்டு மாசமா கேட்டுகிட்டே இருந்தா அன்வரு. அடுத்த மாசம் வரும்னு நானும் சொல்லிகிட்டே இருந்தேன்.”

“இப்ப?”

“போன மாசம் இருபத்தாறாந்தேதி போய்ட்டா. ஞாயித்துக்கெழம.”

நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“உங்கிட்டயே வந்தாளே, பிப்ரவரியில” என்றார். “பஸ்ஸுக்கு நின்னு நின்னு வந்திருக்கா. கம்ப்யூட்டர்ல பேரு இல்ல, போய்ட்டு வான்னு சொன்னியாமே.”

சொல்லியிருப்பேன். தினமும் பத்துப் பேரிடம் அப்படித்தான் சொல்வேன், முகத்தைப் பார்க்காமல். ஞாயிற்றுக்கிழமை என் ஜன்னலுக்கு வந்தவளை அதனால்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று சாயங்காலம் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன், விழுங்க முடியவில்லை. அம்மா பயந்துபோய் என்னவென்று கேட்டாள். அழுகைதான் வந்தது.

மற்ற மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். ராஜப்பன் அன்றே மருந்தோடு போனார். 151, கோவிந்தம்மாள், ரத்தம் ரத்தமாகத் துப்பிக்கொண்டிருந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படிக்க முடியாத அந்த மூன்றாம் ஃப்ளாப்பியைச் சேலம் இன்ஜினியர் புதன்கிழமை வந்து போட்டார். ஒரே தடவையில் படித்தது. எந்தக் கோளாறும் இல்லை. “உனக்கு நோன்புக் கிறுக்கு” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த ஃப்ளாப்பி அன்று படித்திருந்தால், அதிலும் 217 இல்லை என்று பார்த்து, வழக்கம்போல ‘பேரு இல்ல, போய்ட்டு வா’ என்று சொல்லிவிட்டு ‘ஒய்’ தட்டியிருப்பேன்; லிஸ்டைத் திறந்திருக்க மாட்டேன். அவள் பெயர் போனது போனதுதான். அது அவளுக்கும் தெரிந்திருக்கும். மற்ற மூன்று பேருக்காக வந்தாளா? தெரியாது. இன்றுவரை தெரியாது.

பெருநாள் கழிந்து இரண்டாவது வாரம் ராஜப்பனோடு அவள் வீட்டுக்குப் போனேன். என்னால்தான் ஆயிற்று என்று சொல்லிவிடத்தான் போனேன். அவள் புருஷன் பச்சியப்பன் தக்காளிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கிளம்பும்போது கேட்டேன். “அந்த மஞ்ச அட்ட வூட்ல இருக்குதாங்க?”

“இல்லீங்க” என்றான். “சாவற அன்னிக்குக் காலையிலகூட, ஆஸ்பத்திரிக்குப் போவணும், பேரு ஏத்தியிருப்பாங்கன்னு சொல்லிகிட்டு இருந்தா. அட்டய கையிலயே புடிச்சிருந்தா. வெரலப் பிரிக்க எங்களுக்கு மனசு வரலீங்க. அப்படியே வச்சுப் பொதைச்சுட்டோம்.”

அந்த அட்டையின் ஓரத்தில் ஈர மண் ஒட்டியிருந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை.