கண்ணில் விழாத திருநீறு

பழவங்காடிச் சந்தையில் தேங்காய் மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். கண்ணில் புரை விழுந்து ஆசுபத்திரியில் சேர்ந்தேன். அடுத்த கட்டிலில் கரமனை அக்கிரகாரத்துச் சமையற்காரர் ஒருவர். பெருத்த உடம்பு. சாப்பாட்டுக்கு முன் திருநீறு எடுத்த கை நெற்றிவரை போகும். பூசாமல் இறங்கிவிடும்.

"ஏன் சாமி?" என்று கேட்டேன்.

"கண்மணி ஓரத்திலே வெள்ளைப் பொடி படிஞ்சிருக்குன்னார் டாக்டர். தினம் திருநீறைத் தண்ணியிலே குழைக்காம, உதறி உதறிப் பூசினேன், கேட்டியோ. நானே கண்ணைக் கெடுத்துண்டேன்."

அது கண்ணுக்குள்ளேயே உண்டாகும் பொடி என்று டாக்டர் பலமுறை சொன்னார். சமையற்காரர் நம்பவில்லை.

இருவருக்கும் ஒரே நாளில் புரை ஆபரேஷன். மருந்து விட்டும் அவருக்குக் கண்மணி விரியவில்லை. உள்ளே அழுத்தம் வேறு. புரையைப் பிடித்திருந்த இழைகள் இற்றுப்போயிருந்ததால், எடுக்கும்போது கண்ணுக்குள் இருந்த கூழும் வெளியே வந்துவிட்டதாம். அந்தக் கண் போயிற்று.

கட்டு அவிழ்த்து எனக்குக் கண்ணாடி மாட்டினார்கள். எதிர்ச்சுவர்க் கடிகாரத்தின் முள் வரை தெரிந்தது.

"உனக்குத் தெரியறதா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி, மங்கல்தான்" என்றேன்.

என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"பாவம். நீ ஒரு தப்பும் பண்ணலையே" என்றார்.